பிறர் துன்பமும் ஆராய்வார் கடனும்

ஒருவன் பசியால் வாடுவதையோ நோயால் நலிவதையோ கண்டவிடத்து, 'அஃது அவன் செய்த வினையின் பயன்' என்று மொழிந்து அப்பாற் செல்லுதல் கற்றோரிடையேயும் காணப்படும் வழக்கம். அச்சொல்லைப் பொய்யென்று தள்ளுதல் சைவர்க்கு இயலாது. வினைக்கொள்கை சித்தாந்தத்தின் அடிநிலைகளுள் ஒன்றாகலின். ஆயினும், அஃது எந்த வினாவுக்கு விடையாகச் சொல்லப்படுகின்றது என்பதே ஆராயத்தக்கது. இவ்வுயிர் உடம்பெடுத்து இன்ப துன்பங்களை நுகர்தல் எற்றுக்கு என்னும் வினாவுக்கு அது விடையாகும். இவ்வூரில், இவ்வாண்டில், இத்தெருவார் மட்டும் இந்நோயுறுதல் எதனால், அடுத்த தெருவார் உறாதிருத்தல் எதனால் என்னும் வினாவுக்கும் அதுவே விடையாகுமோ? ஆகுமெனின், மருத்துவனுக்கும் வேலையில்லை, ஆசிரியனுக்கும் வேலையில்லை. ஆராய்ச்சி என்பதொன்று வேண்டுவதுமில்லை.

மக்கட் கூட்டத்தின் துன்பங்களைக் கல்வியும் ஆராய்ச்சியும் எவ்வளவு நீக்க வல்லன என்பதைப் பொதுவகையால் விரித்துரைப்பின் அது வெற்றுரையாய் முடியும். ஆகலின், நிகழ்ந்த செய்தியொன்றை முற்றும் எடுத்துக்கொண்டு நோக்குதல் நலம். அது பிறநாட்டுச் செய்தியே. எனினும் அதன்கண் எழுந்த வினா எந்நாட்டார்க்கும் உரியது.

பெல்லாக்ரா என்பது ஒரு நோய். வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து தடித்து உரியும், வாய் புண்ணாகும், வயிறு இடையறாது கழியும், நாளடைவில் அறிவு திரிந்து பித்தேறும், இறுதியில் உயிர் நீங்கும். ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியாவில் காஸ்பர் கசால் என்னும் மருத்துவர் 1735-இல் இதனை முதன்முதல் விரித்தெழுதினார். கரடுமுரடான தோல் என்னும் பொருள்பட இப்பெயரை இட்டவர் இத்தாலியர். இவ்விரு நாடுகளிலும் அதற்கு ஆளானோர் மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை உழவர்.

மக்காச்சோளம் அமெரிக்கப் பழங்குடிகள் பயிரிட்டு வளர்த்த தானியம். மெக்சிகோ முதலிய நாடுகளில் அதனையே பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டு வந்தவரிடத்து இந்நோய் பெரிதும் இல்லை. காரணம் பிற்காலத்தில் விளங்கிற்று. அவர் அத்தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்ட பின்னரே அரைத்து உண்பர். தானியத்தினுள் உடம்புக்குப் பயன்படாதவாறு கட்டுண்டு கிடக்கும் உயிர்ச்சத்து ஒன்று அதனால் விடுபடுகின்றது. கடல் கடந்து விதையைக் கொண்டுசென்ற ஐரோப்பியர் அச்சுண்ணாம்பு வழக்கத்தைக் கொண்டு செல்லவில்லை. அதனைக் காட்டுமிராண்டிகளின் சமையல் என்று கருதினர் போலும். பிறர் அறிவை இகழ்ந்ததற்கு இவ்வளவு பெரிய விலை கொடுத்த நிகழ்ச்சிகள் உலக வரலாற்றில் மிகுதியில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் இந்நோய் பெருகத் தொடங்கிற்று. 1907-இல் அலபாமாவின் பித்தர் விடுதியொன்றினின்று ஜார்ஜ் சியர்சி என்னும் மருத்துவர் அதனை வெளிப்படுத்தினார். அதன்பின் மாநிலந்தோறும் கண்டறியப்பட்டது. 1940 வரையில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், 1 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிடுவர். மாண்டவருள் பெரும்பாலோர் ஏழையர். ஆடவரினும் பெண்டிர் மிகுதி.

காரணம் யாதென ஆராயப் புகுந்தவர் முதலில் இருவேறு முடிபு கூறினர். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் பகுதியில் ஆராய்ந்த குழுவினர் இது கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றனர். சார்லஸ் டேவன்போர்ட் என்பவரோ, இந்நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பு சில குடும்பங்களின் குருதியிலேயே வழிவழி வருகின்றது என 1916-இல் எழுதினார். இவ்விரண்டாம் முடிபை ஊன்றி நோக்குக. தந்தை வறியன், மகனும் வறியன். தந்தைக்கு நோய், மகனுக்கும் நோய். ஆகவே நோய் குலத்தின் வழியது என்பது அவர் கருதல் அளவை. ஒரே வீட்டில் இருந்து ஒரே கலத்து உணவை உண்டோர்க்கு ஒரே நோய் வருதல் கூடும் என்பதை அவர் எண்ணாது விட்டார். 'பிறப்பின் வழியது, செய்யத்தக்கது ஒன்றுமில்லை' என்னும் இவ்வுரைக்கும், தொடக்கத்திற் கூறிய 'அவன் வினை' என்னும் உரைக்கும் சொல்லால் வேறுபாடு உண்டு, சொல்லுவோனுக்கு விளையும் பயனால் வேறுபாடில்லை. இரண்டும் கேட்போன் நெஞ்சைத் துயிலச் செய்வன.

1914-இல் அமெரிக்கப் பொதுநலத் துறையார் ஜோசப் கோல்டுபெர்கர் என்பவரை இவ்வாராய்ச்சிக்கு அனுப்பினர். இவர் 1874-இல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் நியூயார்க்கு வந்து குடியேறியவர். பித்தர் விடுதிகளுக்கும் அநாதைக் குழந்தைகள் இல்லங்களுக்கும் சென்று அவர் முதலிற் செய்தது நோயாளரைக் கண்டதன்று, நோயுறாதவரைக் கண்டதே. விடுதியில் அடைக்கப்பட்டோர் நோயுற்றனர். அவரைத் தொட்டுத் தூக்கி, மலம் துடைத்து, இரவும் பகலும் உடனிருந்த பணியாளர் ஒருவரும் நோயுறவில்லை. தொற்றுநோய் ஆயின் இஃது எங்ஙனம் கூடும்? கிருமி கூலிபெறுவோனையும் பெறாதோனையும் பிரித்தறியுமோ? பணியாளர் தமக்கு வேண்டும் உணவைத் தெரிந்தெடுத்துக்கொள்ள வல்லவர். அடைபட்டோர் இட்டதை உண்பவர். வேற்றுமை இவ்வளவே. நுண்கருவி ஒன்றுமின்றிக் கண்ணால் மட்டும் கண்ட இக்காட்சியே பிற யாவற்றுக்கும் முதலாயிற்று. அதே காட்சி அதற்கு முன்னரும் பலர் கண்முன் இருந்ததே என்பது நினைக்கத்தக்கது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இரண்டு அநாதை இல்லங்கள் இருந்தன. அவற்றில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளே மிகுதியாக நோயுற்றனர். மிகச் சிறியார்க்குப் பால் கிடைத்தது. வேலை செய்யும் பெரிய பிள்ளைகட்கு இறைச்சி கிடைத்தது. இடைநின்றார்க்கு இரண்டும் இல்லை. கோல்டுபெர்கர் அரசாங்கப் பொருளைக்கொண்டு பால், முட்டை, இறைச்சி, பயறு இவற்றை மிகுத்தளிக்கச் செய்தார். ஓராண்டில் நோய் ஏறக்குறைய முற்றும் நீங்கிற்று. பின்னர்ப் பொருளுதவி நின்றது, பழைய உணவு மீண்டது, நோயும் மீண்டது. உள்ளவழி உண்மையும் இல்வழி இன்மையும் காட்டி நிறுவுதலாகிய அன்னுவய வெதிரேகங்களைத் தருக்கநூல் கற்றோர் நன்கறிவர். அவ்விரண்டும் குழந்தைகளின் உடம்பின்மேல் எழுதப்பட்டமைதான் வருந்தத்தக்கது.

இவ்வளவின் பின்னும் மருத்துவருட் பலர் ஒப்பவில்லை. நல்லுணவால் நோய் நீங்குதல் வேறு, தீயுணவால் நோய் வருதல் வேறு என்றனர். அதனையும் காட்டுதற்கு 1915-இல் அம்மாநில ஆளுநரின் இசைவுடன், ராங்கின் சிறைப் பண்ணையில் நலமுடன் இருந்த கைதிகள் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தார். மக்காச்சோள மாவு, தீட்டிய அரிசி, சர்க்கரை, கரும்புப்பாகு போல்வன மிக்க உணவைச் சில திங்கள் உண்ண இசைவார்க்கு விடுதலை என்பது உடன்படிக்கை. ஒருவர் இடையில் விலக்கப்பட்டார். எஞ்சிய பதினொருவருள் அறுவர் நோயுற்றனர். அனைவரும் விடுதலை பெற்றனர்.

இச்செயல் அறமோ என்னும் வினா இங்கு எழாமற் போகாது. சிறையிற் கிடப்போன் 'இசைகின்றேன்' என்று சொல்லும் சொல் உரிமையோன் சொல்லும் சொல்லாகாது. விடுதலையாகிய விலையைக் காட்டி ஒருவனுடம்பிற் பிணியை வருவித்தலை இக்காலத்து ஆராய்ச்சி விதிகள் ஒப்பமாட்டா, ஒப்பாமையே முறையுமாகும். கோல்டுபெர்கரின் புகழ் இவ்விடத்துச் சிறிது மங்குகின்றதென்றே கூறல் வேண்டும். ஆயின், பிறர் உடம்பை மட்டும் பணயமாக வைத்தவர் அல்லர் அவர். நோய் தொற்றுவதன்று என்று காட்டுதற்கு 1916-இல் நோயாளரின் குருதியைத் தம் உடம்பிற் குத்திக்கொண்டார். அவர்தம் தோற்செதிள், கழிவு ஆகியவற்றையும் மாவிற் பிசைந்து விழுங்கினார். எழுதவும் கை கூசும் செயல். உடன்பணியாளரும் அதிற் பங்குகொண்டனர். அவர் மனைவி மேரி அக்குருதியைத் தம்முடம்பில் ஏற்றுக்கொண்டார். ஒருவர்க்கும் பெல்லாக்ரா வரவில்லை.

இதுவரையில் நிகழ்ந்தது மருத்துவ ஆராய்ச்சி. சமுதாயத்தைப் பற்றிய ஆராய்ச்சி இதன்பின்னரே தொடங்கிற்று. தீயுணவே காரணமாயின், மக்கள் அதனை ஏன் உண்கின்றனர்? எட்கர் சிடன்ஸ்டிரிக்கர் என்னும் பொருளியல் அறிஞரைத் துணைக்கொண்டு, தென் கரோலினாவின் நூற்பாலைச் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தார் கோல்டுபெர்கர். 1916-இல் ஏழு ஊர்கள். மறு ஆண்டில் இருபத்துநான்கு. ஒவ்வொரு குடும்பத்தின் வருவாய், உண்போர் தொகை, வாங்கிய பண்டம், உற்ற நோய் ஆகிய யாவும் எழுதப்பட்டன. வருவாய் குறையக் குறைய நோய் மிகுந்தது. வருவாய் ஏற ஏற நோய் அருகிற்று. பால் தரும் பசுவும் காய்கறியும் அருகில் கிடைத்த ஊரில் அதே கூலி பெற்றோரும் நோயினின்று தப்பினர். நிலத்தவர் வீட்டு வாயில்வரை பருத்தியே விதைத்த பகுதிகளில் வாரக்குடிகளுக்குக் கீரைப்பாத்தி இடவும் இடமில்லை. பருத்தி விற்கும்வரை அவர் கடனுக்குப் பொருள் வாங்கும் கடையில் கிடைத்தவை மூன்றே: மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப்பாகு. கடன் முற்றும் இளவேனிற் காலத்திலேயே நோயும் முற்றிற்று.

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சித்தாந்த நூல் பயில்வோர் மூவகைக் காரணங்களைப் பிரித்துணர்வர். இந்நோயிலும் அங்ஙனம் பிரித்தல் கூடும். சத்திழந்த உடம்பு முதல் எனலாம். ('சத்தின் இன்மை' என்று கூறின், இன்மை முதற்காரணமாதல் யாண்டையது என்று தருக்கம் வல்லார் கடாவுவர், அவர் கடாவுதல் முறையே.) மக்காச்சோளமும் கடனும் பருவமும் துணை. நிமித்தம் யார்? பருத்தியை வாயில்வரை விதைப்பித்தவர் யாரோ அவர். கூலியை வரையறுத்தவர் யாரோ அவர். மண்ணையும் திரிகையையும் ஆராய்தலோடு அமைந்துவிடும் ஆராய்ச்சிக்குப் பகைவர் இல்லை. குயவன் பெயரைச் சொல்லப் புகும்போதே எதிர்ப்பு எழுகின்றது.

அது 1921-இல் எழுந்தது. முன்னாண்டிற் பருத்தி விலை வீழ்ந்தமையால் நோய் பெருகும் என்று பொதுநலத் துறையார் அஞ்சினர். குடியரசுத் தலைவர் ஹார்டிங் தென்மாநிலங்களிற் பசியும் நோயும் பரவுதல் குறித்துக் கவலை தெரிவித்தார். நன்றி கூறவேண்டிய தென்மாநிலத் தலைவர்களோ சினந்தெழுந்தனர். தம் நாட்டிற் பஞ்சமில்லை என்றும், இப்பழிச்சொல்லால் வாணிகம் கெடும் என்றும், உதவி வேண்டா என்றும் அறிக்கை விடுத்தனர். நோயுற்றோரை ஒருவரும் கேட்டிலர்.

கல்வியோவெனின், அதுவும் ஒருபால் நடந்தது. பால் பருகுக, பசுங்காய் உண்க, தோட்டம் இடுக என்று ஊர்தோறும் கற்பித்தனர். நல்லுரையே. பசுவில்லாதவனுக்குப் பாலின் சிறப்பையும், நிலமில்லாதவனுக்குத் தோட்டத்தின் சிறப்பையும் ஓதுதலால் விளைவது யாது? கேட்டவன் தன் குழந்தையின் நோய்க்குத் தானே குற்றவாளி என்று நாணி இல்லம் திரும்புவான். கற்பித்தவன் தன் கடமை தீர்ந்ததென்று மகிழ்ந்து திரும்புவான். அறியாமையால் வந்த துன்பத்தை அறிவு நீக்கும். இன்மையால் வந்த துன்பத்தை அறியாமையால் வந்ததாகக் கொண்டு கற்பித்தல் நோய்க்கு மருந்தாகாது. அங்குக் கல்வி வேண்டியவர் வாரக்குடிகளா, நிலத்தவரா என்னும் வினா கேட்கப்படவேயில்லை.

இனி வினைக்கொள்கைக்கு மீள்வோம் எனின், அக்கொள்கை இவ்விடத்து யாது கூறுகின்றது? பிராரத்தமாகிய வினைப்பயன் வெளியே ஒரு வாயிலுமின்றி வந்து பற்றுவதன்று. பிற உயிர்கள் வாயிலாகவும், பூதங்கள் வாயிலாகவும், தெய்வத்தின் வாயிலாகவும் வருவது என்பது நூற்றுணிபு. வாயிலாக நின்றவன் மக்களுள் ஒருவனாயின், அவன் செய்தது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். 'அவன் பசித்தது அவன் பிராரத்தம்' என்று நிலத்தவன் சொல்லுவானாயின், 'அதற்கு வாயிலாய் நின்றது நின் ஆகாமியம்' என்பது அக்கொள்கையின் மறுபாதி. ஒரு பாதியை வாயாற் கூறி மறுபாதியை மறைத்துவிடுதல் கொள்கையைக் கைக்கொண்டதாகாது.

மற்றொன்றும் உண்டு. ஒருவனது முன்வினை இன்னதென்று காட்சியால் அறிந்தார் இல்லை; சிற்றறிவினவாகிய உயிர்களுக்கு அஃது இயலவும் இயலாது. துன்பத்தைக் கண்டு, வினை உண்டு என்று பொதுவகையாற் கருதலாமேயன்றி, அவ்வினை இத்துணைத்து என்றும், இந்நாள்வரை நிற்கும் என்றும், இன்னார் கையால் நீங்காது என்றும் சிறப்புவகையாற் கருதுதற்கு ஏது யாதுமில்லை. மருந்து கிடைக்கும் வரையில் நின்ற நோய், மருந்து கிடைத்தபின் நீங்குமாயின், நீங்குதலும் அவ்வினைக்குட்பட்டதே என்னல் வேண்டும். ஆகவே, ஆராய்ச்சியைத் தடுத்தற்கு வினையைக் காட்டுவோர் தாம் அறியாததை அறிந்ததாகக் கூறும் குற்றத்துக்கு ஆளாகின்றனர்.

அற்றேல், ஆராய்ந்து உண்மை கண்ட பின்னரேனும் துன்பம் நீங்கிற்றோ என்பார்க்கு, உடனே நீங்கவில்லை என்பதே விடை. பருத்திக்காயைத் தின்னும் கூன்வண்டு அக்காலத்துத் தென்மாநிலங்களிற் பரவி விளைவை அழித்தது. வேறு வழியின்றி உழவர் உணவுப் பயிர்களை விதைத்தனர். அவ்விடங்களிற் பெல்லாக்ரா குறைந்தது எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டுகின்றது. அறிஞர் அறிவுரையாலும் அரசின் கவலையாலும் ஆகாதது ஒரு பூச்சியால் ஆயிற்று! 1927-இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தபோது, ஈஸ்டு என்னும் மலிவான நொதிப்பொருள் இந்நோயைத் தீர்க்கும் என்று கோல்டுபெர்கர் கண்டிருந்தமையால், செஞ்சிலுவைச் சங்கத்தார் அதனை வழங்கிப் பலரைக் காத்தனர். 1929-இல் அவர் மறைந்தார். அவர் தேடிய பொருள் நிகோடினிக் அமிலம் என்று 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கான்ராடு எல்விஜெம் கண்டறிந்தார். அதனை ரொட்டி மாவிற் கலந்து விற்கும் ஏற்பாடு 1940-களில் பரவியபின் நோய் ஒழிந்தது.

வாரக்குடியின் கடனும் குடிசையும் அங்ஙனமே இருக்க, மாவு மட்டும் மாறிற்று. இதனை வெற்றியென்று சிலர் கொள்வர். குயவனைத் தப்பவிட்டதென்று சிலர் கொள்வர். உயிர் காக்கப்பட்டதை இழிவாகப் பேசுதல் தகாது. நூறாயிரவர் மாண்டபின் மாவிற் கலக்க ஒரு பிடி மருந்து கண்டதனோடு, இருபத்துநான்கு ஊர்களில் எழுதப்பட்ட அக்கணக்கை மூடிவைத்தலும் தகாது.

இதனையொத்த வினா தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்டது. 1918-இல் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்தின் ஓரறையில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அவ்வறையே வளர்ந்து உணவாராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. தக்காணத்திற் சோளம் உண்போர்க்குப் பெல்லாக்ரா வருவதேன் என்று 1960-இல் ஆராய்ந்தெழுதிய கோபாலன் அக்கூடத்தைச் சேர்ந்தவரே, சேலத்திற் பிறந்தவர். பெரிபெரியோ, ஆலையிற் பச்சையாகத் தீட்டிய அரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் மிகுந்திருந்தது. அரிசியே உண்ணும் தமிழ்நாட்டுட் பெரும்பகுதியில் அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து, புழுக்கி, உலர்த்தியபின் குத்துதல் இங்கு வழக்கம். புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுட் புகுந்து, தீட்டினும் நீங்காது நிற்கின்றது. காரணம் அறியாமலே அடுப்படியிற் காக்கப்பட்டு வந்த அவ்வழக்கத்தின் பயனைக் குன்னூர்க் கூடத்தார் எலிகளுக்கு ஊட்டியும், ஊர்களிற் கணக்கெடுத்தும் கண்டனர்.